முத்திரையில் ஒரு கீற்றுக் குறைவு

அத்தியாயம் 6

"பூட்டு உடையலை, சாவி தொலையலை. அதனால திருடி நான்தானாம்," என்றாள் கூ மெய்ச்சின். "முப்பத்திரண்டு பேர் முன்னாடி முதலாளி சொன்னார், அக்கா. மைக் ஒண்ணுதான் குறைச்சல்."

அவள் மேஜையைச் சுற்றி அந்த முப்பத்திரண்டு பேரும் கணினித் திரைகளில் மூக்கை நுழைத்து வேலை செய்வதாக நடித்துக்கொண்டிருந்தார்கள். கீபோர்டு சத்தம் மட்டும் எங்கும் கேட்கவில்லை. எல்லாக் காதும் எங்கள் பக்கம்தான் இருந்தது.

தௌ பெய்வென் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் முன் வைத்தாள்.

"இதுல ஒரு தேதி எழுதி, ஒப்பந்தத்துக்குக் குத்துற மாதிரி கம்பெனி முத்திரையைக் குத்தும்மா."

"எதுக்கு அக்கா?"

"எனக்குப் பொழுது போகலை."

கூ மெய்ச்சின் பதிவேட்டைத் திறந்து, நேரம் எழுதி, காரணம் என்ற கட்டத்தில் 'விசாரணை' என்று எழுதி, கையெழுத்தும் போட்ட பிறகுதான் அலமாரியிலிருந்து முத்திரையை வெளியே எடுத்தாள். தாளுக்கு அடியில் ஒரு ரப்பர் அட்டையை வைத்தாள். அழுத்திக் குத்தினாள். சிவப்பு வட்டம் தேதியின் மேல் சவாரி செய்தது. நடுவிலிருந்த நட்சத்திரத்தின் கொம்பு நேராக மேலே பார்த்தது. திருடி என்று பெயர் வாங்கிய மூன்றாம் நாளிலும் பதிவேட்டில் ஒரு கட்டத்தைக்கூட அவள் காலியாக விடவில்லை. பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

அக்கா தாளை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

நான் ரென் ஜூன்பெங். அவளுக்கு உதவியாளன், ஓட்டுநர், வசவு தாங்கி. எங்கள் அலுவலக வாசலில் 'வணிக ஆலோசனை' என்றுதான் போர்டு தொங்குகிறது. துப்பறிவாளர் என்று எழுதினால் மறுநாளே கழற்ற ஆள் வந்துவிடும், சீனாவில் அந்தத் தொழிலுக்கு அனுமதி கிடையாது. ஆகவே தௌ அக்கா இருபது வருஷம் சந்தை மேற்பார்வை அலுவலகத்தில் குப்பை கொட்டிவிட்டு வந்து, இப்போது ஆலோசனை மட்டும் சொல்கிறாள். யார் திருடன் என்பதும் ஓர் ஆலோசனைதானே.

வழக்கு இதுதான். ஆஸ்திரியாக்காரர் ஹைடிங்கர் எங்கள் வூஷி தொழிற்பேட்டையில் ஐஸ்கிரீம் மெஷின் கம்பெனி நடத்துகிறார். மூன்று வருஷத்துக்கு முன்னால் நாடு முழுவதற்கும் ஏக விற்பனை உரிமையை பான் ஷௌஷெங் என்பவருக்குப் பத்து வருஷத்துக்கு எழுதிக் கொடுத்தார். கடைசி நிமிஷத்தில் அவருக்கு ஒரு பயம் வந்து, ஒரு நிபந்தனையைத் தனித் தாளில் அடித்து ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கமாகச் சேர்க்கச் சொன்னார். வருஷத்துக்கு நானூறு மெஷின் விற்காவிட்டால் உரிமை போய்விடும் என்பது நிபந்தனை. போன வருஷம் பான் விற்றது அறுபத்தொன்று. திங்கட்கிழமை ஹைடிங்கர், "உரிமை ரத்து" என்று கடிதம் அனுப்பினார். "எந்த நிபந்தனையைச் சொல்றீங்க, அண்ணே?" என்று பான் பதில் அனுப்பினார்.

கம்பெனியின் பிரதியை எடுத்துப் பார்த்தால் கடைசிப் பக்கத்தைக் காணோம். பானின் பிரதியிலும் அந்தப் பக்கம் இல்லையாம். கணினியில் இருப்பது முத்திரை இல்லாத நகல். முத்திரை இல்லாத காகிதத்தை எங்கள் ஊரில் பலகாரம் மடிக்கக்கூட யாரும் எடுக்க மாட்டார்கள்.

ஒப்பந்தமும் முத்திரையும் இருக்கும் அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று கூ மெய்ச்சினிடம், இன்னொன்று ஹைடிங்கரின் மேஜை டிராயரில். தான் எடுக்கவில்லை என்பது ஹைடிங்கருக்கு நிச்சயம் தெரியும். இரண்டில் ஒன்று போனால் மிச்சம் ஒன்று. பதினோரு வருஷம் முத்திரையைக் காத்த பெண் செவ்வாய்க்கிழமை காலையில் திருடி ஆகிவிட்டாள். இன்று வியாழன். நாலு மணிக்குப் போலீஸுக்குப் போன் செய்யப்போவதாக ஹைடிங்கர் சொல்லியிருந்தார். அவருடைய தலைமை அலுவலகம்தான் பிடிவாதமாக, அதற்குள் வெளியாள் ஒருவரை விட்டுப் பார்க்கச் சொன்னது. அந்த வெளியாள் நாங்கள்.

"மத்தியானம் சாப்டியாம்மா?" என்று அக்கா எழுந்துகொண்டே கேட்டாள்.

"கேன்டீனுக்குப் போறதில்லை. நான் உக்காந்தா மேஜையே காலியாயிடுது."

அக்கா சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். அதுவரை கேட்காத கீபோர்டு சத்தம் திடீரென்று எல்லா மேஜையிலும் கேட்டது.

ஹைடிங்கர் எழுந்து நின்று எங்களை வரவேற்றார். பாடப் புத்தகத்தை மனப்பாடம் செய்து எங்கள் மொழியைக் கற்றவர். பேச்சில் தப்பு இருக்காது, ஆனால் வானொலிச் செய்தி கேட்பதுபோல இருக்கும்.

"தங்கள் வருகைக்கு நன்றி. இது எங்கள் பிரதி. செவ்வாய்க்கிழமை முதல் இதை வேறு எவரும் தொடாதவாறு நானே பாதுகாத்து வருகிறேன்."

அக்கா வாங்கிப் புரட்டினாள். எல்லாப் பக்கத்தின் அடியிலும் அவருடைய முதலெழுத்து. கடைசியில் முழுக் கையெழுத்து, கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கலாம், அவ்வளவு அழகு. கொடி வளைந்து, சுருண்டு, பூ ஒன்றும் விட்டிருந்தது.

"என் கையெழுத்து இருக்கிறதே, அது போதாதா என்று நான் பலமுறை வினவியிருக்கிறேன். இங்கே அனைவரும் அந்தச் சிவப்பு வட்டத்தையே கேட்கிறார்கள்," என்று அவர் வருத்தப்பட்டார்.

"நான் கல்யாணத்துக்குக் கையெழுத்துப் போட்டதுதான் கடைசி, சார்," என்றேன். "அதுவும் ரெண்டு தடவை யோசிச்சுதான் போட்டேன்."

அக்கா என்னை முறைத்துவிட்டு, ஒப்பந்தத்தின் பக்கங்களை விசிறிபோல விரித்தாள். எங்கள் ஊரில் எல்லா ஒப்பந்தத்துக்கும் இப்படி விரித்து வைத்து ஓரத்தில் ஒரு முத்திரை குத்துவார்கள். வட்டம் பக்கத்துக்கு ஒரு கீற்றாகப் பிரிந்து போகும். பிறகு எவனாவது ஒரு பக்கத்தை உருவினால் அவனோடு ஒரு கீற்றும் போய்விடும், வட்டம் சேராது.

இங்கே இரண்டு வட்டமும் சேர்ந்தன. பானுடையதும் முழுசு, ஹைடிங்கர் கம்பெனியுடையதும் முழுசு.

இந்தப் பிரதியிலிருந்து யாரும் எதையும் உருவவில்லை என்று அர்த்தம். அப்படியானால் நிபந்தனைப் பக்கமே இருந்ததில்லை, பான் சொல்வது உண்மை.

"இதன் பொருள் யாது?" என்றார் ஹைடிங்கர்.

"இந்தக் காகிதம் யோக்கியமா இருக்குன்னு பொருள்," என்றாள் அக்கா. "ரொம்ப யோக்கியமா இருந்தா எனக்குப் பிடிக்காது. இதை ஒரு படம் எடுத்துக்கிறோம். ரென், வண்டியை எடு. பானைப் பார்த்துட்டு வந்துடலாம்."

வழியில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"அக்கா, அந்தம்மா பக்கத்தைத் திருடலைன்னு நிரூபிக்கப் போனோம். பக்கமே கிடையாதுன்னு நிரூபிச்சுட்டு வந்திருக்கோம். இதுக்கு அந்தம்மா நமக்கு டீ வேற போட்டுக் கொடுத்துச்சு."

"அந்தப் பக்கத்தை என் கையால பின் அடிச்சேன்னு சொல்றா."

"அதை நம்புறீங்களா?"

"கழுத்துக்குக் கத்தி வந்த நேரத்துல பதிவேட்டுல காரணம் எழுதினா பாரு. அவ பொய் சொன்னா அதுக்கும் ஒரு கட்டம் போட்டு எழுதி வச்சிருப்பா."

பான் ஷௌஷெங் எங்களைக் கட்டிப்பிடிக்காத குறையாக வரவேற்றார். ஜூலை வெயிலில் அவருடைய ஏசி மெதுவாக முனகிக்கொண்டிருந்தது. தேநீர் வந்தது. யாங்ஷான் பீச் பழம் ஒரு தட்டு வந்தது. தோலை உரித்தால் சாறு முழங்கை வரை வழிகிற ரகம்.

"ஹைடிங்கர் எனக்கு அண்ணன் மாதிரிங்க. அண்ணன் தம்பிக்குள்ள ஒரு மனஸ்தாபம், அவ்வளவுதான். நீங்க ரெண்டு பேருக்கும் பாலம் போடுங்க."

"அதுக்குத்தான் வந்தோம்," என்றாள் அக்கா. "உங்க பிரதியைப் பார்த்தேன்னு சொன்னாத்தான் மேலிடத்துல என்னை நம்புவாங்க. பார்த்துட்டுக் கிளம்பிடறேன்."

"அதுக்கென்ன!" அவர் இரும்புப் பெட்டியைத் திறந்து ஒப்பந்தத்தை எடுத்துக் கொடுத்தார். கொடுத்த கையில் பயமே இல்லை. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா பொறுமையாகப் படித்தாள். பான் பேசிக்கொண்டே இருந்தார்.

"நல்ல மனுஷன்தாங்க அவர். ஆனா மூணு வருஷமா என்கூடச் சாப்பிடறார், இன்னும் சூப்பு பாவ் கொழுக்கட்டை சாப்பிடத் தெரியாது. நான் எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருக்கேன், முதல்ல ஓரத்துல சின்னதா ஓட்டை போட்டு உள்ள இருக்கற சூப்பை உறிஞ்சுங்க அண்ணேன்னு! கேக்க மாட்டார். முழுசாக் கடிப்பார். ஏப்ரல்ல, அந்தக் கல்லறை சுத்தம் பண்ற லீவுக்கு முந்தின நாள், நாலாவது ரவுண்டு மதுவுக்கு அப்புறம் ஒண்ணைக் கடிச்சார் பாருங்க. சட்டை, டை, மடியில இருந்த பை, அத்தனையும் சூப்பு! நாங்க சிரிச்ச சிரிப்புல பக்கத்து மேஜைக்காரங்க எழுந்து வந்துட்டாங்க."

"அட பாவமே," என்று அக்காவும் சிரித்தாள். "பைக்குள்ள முக்கியமா எதுவும் இல்லையே?"

"சேச்சே, ஒண்ணும் இல்லை," என்றார் பான். அதுவரை சிரித்த வாய் சட்டென்று மூடிக்கொண்டது. பீச் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "சாப்பிடுங்க தம்பி."

"என்ன புழுக்கம்!" என்றாள் அக்கா. ஒப்பந்தத்தை விரித்து விசிறிக்கொள்ள ஆரம்பித்தாள். பக்கங்கள் அழகாக விரிந்தன. ஓரத்தில் சிவப்பு வட்டம் முகத்தைக் காட்டி மறைந்தது, மறுபடி காட்டியது.

"ஏசியைக் கூட்டச் சொல்றேன்," என்று பான் கதவுப் பக்கம் திரும்பினார்.

"பழத்தை ஒரு படம் எடுத்துக்கிறேன் சார். என் பொண்டாட்டி தினம் கேக்கறா, யாங்ஷான் பீச் வாங்கிட்டு வா வாங்கிட்டு வான்னு. வாங்க வசதி இல்லை, படமாவது காட்டறேன்." தட்டை அக்காவின் முழங்கைக்கு அருகில் நகர்த்தினேன். அக்கா விசிறுவதை ஒரு கணம் நிறுத்தினாள். முன்னால் பீச் பழம், பின்னால் விரிந்த ஒப்பந்தம். மூன்று படம் எடுத்தேன்.

பான் திரும்பியபோது அக்கா ஒப்பந்தத்தை அடுக்கி இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டிருந்தாள். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

லிப்டில் படத்தைப் பெரிதாக்கினேன். இரண்டு வட்டமும் ஓரம் கடித்த நிலா அப்பம்போல இருந்தன. கடைசிக் கீற்று இல்லை.

"அக்கா! அந்தாளு உருவியிருக்கான்!"

"கத்தாதே. லிப்டுக்கும் காது உண்டு."

"கீற்று போயிடும்னு அவனுக்குத் தெரியாதா? இந்த ஊர்ல பிறந்தவன்!"

"தெரியும். ஆனா அவனால என்ன பண்ண முடியும்? மறுபடி குத்த ஹைடிங்கர் கம்பெனி முத்திரை வேணும், அது கூ மெய்ச்சின் பூட்டுல இருக்கு. ரெண்டு பிரதியும் ஒரே மாதிரி இருக்கறப்ப எவன் கீற்றை எண்ணப் போறான்னு விட்டுட்டான். கம்பெனிக்காரங்க தங்களோட பிரதியைப் பார்த்துட்டு, தங்களுக்குள்ளேயே அடிச்சுக்குவாங்கன்னு தெரியும் அவனுக்கு. அடிச்சுக்கவும் செஞ்சாங்க."

"சரி, கம்பெனி பிரதி எப்படி முழுசா இருக்கு?"

"நீதான் சொல்லேன். படிச்சவன்."

நான் வண்டிச் சாவியைத் தேடினேன்.

ஹைடிங்கரின் அறைக்குள் நுழையும்போது மணி மூன்று நாற்பது. போன் அவர் கைக்குப் பக்கத்தில் தயாராக இருந்தது. அக்கா கதவைச் சாத்திவிட்டு என் கைப்பேசியை அவர் முன்னால் வைத்தாள்.

"இது பான்கிட்ட இருக்கற பிரதி. கடைசிக் கீற்று இல்லை. முத்திரை குத்தினப்ப ஒரு பக்கம் கூட இருந்திருக்கு, அதை உருவிட்டார். உங்க வக்கீல்கிட்ட சொல்லி, மூலத்தைக் கோர்ட்டுல வைக்கச் சொல்லுங்க. வட்டம் சேராத ஒப்பந்தத்தோட அவர் அங்க நிக்கட்டும்."

ஹைடிங்கருக்கு முகமெல்லாம் வெளிச்சம். "அற்புதம்! மிக அற்புதம்! ஆயினும் எமது பிரதி? அதில் வட்டம் நிறைவாக உள்ளதே?"

"நிறைவா இருக்கு. ஏன்னா அது வேற பிரதி. புதுசா அடிச்சு, புதுசா முத்திரை குத்தினது. நிபந்தனைப் பக்கம் அதுல இருந்ததே இல்லை. பான் தன் முத்திரையைக் குத்திட்டார். உங்க கம்பெனி முத்திரையைக் குத்தினது யாரு?"

"கூ மெய்ச்சின்!" என்றார் அவர் உடனே. "முத்திரை அவர் வசம் இருப்பது!"

அக்கா பைக்குள்ளிருந்து காலையில் மடித்த தாளை எடுத்து, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்துக்கு அருகில் வைத்தாள்.

"இது கூ மெய்ச்சின் குத்தினது. தேதி மேல ஏறி உக்காந்திருக்கு, நட்சத்திரம் நிமிர்ந்திருக்கு. பான்கிட்ட இருக்கற பழைய பிரதியிலயும் அச்சு அசல் இப்படியேதான் இருக்கு. இந்த ஊர்ல முத்திரை தொட்ட யாரும் இப்படித்தான் குத்துவாங்க, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும். இப்ப இதைப் பாருங்க."

ஒப்பந்தத்தில் முத்திரை தேதியை விட்டுத் தள்ளி, பெயரை விட்டுத் தள்ளி, வெறும் வெள்ளை இடத்தில் தனியாக நின்றது. நட்சத்திரம் தலைகீழ்.

"யாரோ ரொம்ப ஜாக்கிரதையாக் குத்தியிருக்காங்க. எதுக்கு ஜாக்கிரதை? இந்தக் கையெழுத்து மேல ஒரு துளி சிவப்பு பட்டுடக் கூடாதுன்னு. இந்த ஊர்க்காரனுக்குக் கையெழுத்து மேல அவ்வளவு பாசம் கிடையாது, முதலாளி. முத்திரை அழகா விழணும்னுதான் பார்ப்பான்."

ஹைடிங்கர் எழுந்து, இரண்டு முத்திரையையும் குனிந்து பார்த்தார்.

"சூப்பு பாவ் இன்னும் முழுசாத்தான் கடிக்கறீங்களா?" என்றாள் அக்கா, மிக அன்பாக.

ஹைடிங்கரின் காது இரண்டும் சிவந்தன. பிறகு கழுத்தும் சிவந்தது. அவர் உட்கார்ந்தார்.

"ஒரு விதியைக் குறித்து அவரிடம் விளக்கம் கேட்பதற்காக ஒப்பந்தத்தை எடுத்துச் சென்றிருந்தேன். அது முற்றிலும் நனைந்துவிட்டது. பான் அன்றே புதிய பிரதி அச்சிட்டுத் தந்தார். 'உங்க ஆளுங்களுக்கு எதுக்கு அண்ணே தெரியணும், சிரிப்பாங்க' என்றார். மறுநாள் விடுமுறை. அலுவலகத்தில் எவரும் இல்லை. என் சாவியால் திறந்து, நானே... அது அதே காகிதம் என்றே கருதினேன். கையெழுத்து என்னுடையது அல்லவா?"

"பக்கத்தை எண்ணிப் பார்த்தீங்களா?"

"எண்ணவில்லை. நண்பர் அல்லவா தந்தது."

எனக்கு ஒரு ஜோக் நாக்கு நுனி வரை வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

"இது உங்களுக்கு இப்பத்தான் ஞாபகம் வருதா?" என்று அவள் கேட்டாள். குரலில் கேலி இல்லை.

அவர் ஒப்பந்தத்தை மூடி வைத்தார். "செவ்வாய்க்கிழமை மாலையே வந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்காது என்று எனக்கு நானே கூறிக்கொண்டேன்."

"நீங்க சொல்லிக்கிட்டீங்க. அந்தம்மா மூணு நாளா யார்கிட்டயும் பேசலை."

அவர் போனை எடுத்தார். போலீஸுக்கு அல்ல. கூ மெய்ச்சினை உள்ளே வரச் சொன்னார்.

அவள் வந்தாள். கைதாகப் போகிறவள்போலக் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே வந்தாள். ஹைடிங்கர் அவளுக்குப் பின்னால் போய்க் கதவைச் சாத்தினார். நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார், பாவ் உட்பட. அதை மெச்சத்தான் வேண்டும். பிறகு இடுப்பு மடங்கக் குனிந்தார்.

"நான் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். தங்களுக்குப் பதவி உயர்வு அளிக்கப்படும். பத்து நாள் விடுமுறையும் வழங்கப்படும். இவ்விஷயம் இந்த நால்வருக்குள் மறக்கப்படட்டும்."

கூ மெய்ச்சின் கடைசி வரை கேட்டாள். திரும்பி நடந்து, கதவை அகலமாகத் திறந்து வைத்தாள். வெளியே முப்பத்திரண்டு தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன.

"இங்க வச்சுத் திருடின்னு சொல்லலை, முதலாளி," என்றாள். "அங்க வச்சுத்தான் சொன்னீங்க."

ஹைடிங்கர் அக்காவைப் பார்த்தார். அக்கா ஜன்னலைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். எனக்கும் ஜன்னல் பிடித்திருந்தது.

அவர் வெளியே போய் மேஜைகளுக்கு நடுவில் நின்றார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டை எடுத்து நெற்றியைத் துடைத்தார். வானொலிச் செய்தியை எதிர்பார்த்தேன். ஆனால் அந்த மனப்பாடமெல்லாம் அவருக்கு அப்போது கைகொடுக்கவில்லை.

"இந்தம்மா எதையும் எடுக்கலை," என்றார். "பேப்பரை மாத்தினது நான். பழியை அவங்க மேல போட்டேன், ஞாபகம் வந்தப்புறமும் பயந்து சொல்லாம இருந்தேன். அவங்க மேல தப்பே இல்லை. தப்பு என்னுது."

மூலையில் ஒரு பெண் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். கேன்டீன் மேஜையிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு போனவர்களில் அவளும் ஒருத்தியாக இருக்க வேண்டும்.

ஹைடிங்கர் கூ மெய்ச்சினைப் பார்த்தபடி காத்து நின்றார். பரவாயில்லை என்று அவள் ஒரு வார்த்தை சொல்வாள், போய் உட்காரலாம் என்று பார்த்தார். நாங்களும் அதைத்தான் எதிர்பார்த்தோம்.

அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கினாள். தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கேட்டுக்கிட்டேன், முதலாளி," என்றாள்.